எண்ணெய் வைத்த எலும்பு

அத்தை அந்தத் தலைக்குப் புறங்கையால் எண்ணெய் வைத்தார். எங்கள் பக்கம் செத்தவர்களுக்கு அப்படித்தான் வைப்போம். உள்ளங்கை, உயிரோடு இருப்பவர்களுக்கு.

தலை என்று சொல்கிறேன். மண்டையோடுதான். செம்மண் ஏறி, சுட்ட கிழங்கு நிறத்தில் இருந்தது. ஜேசிபி பல் பட்டு ஒரு பக்கம் உடைந்து போயிருந்தது. அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டார். எண்ணெய், அப்புறம் சீயக்காய், அப்புறம் தண்ணீர். கடைசியாகப் பாக்கெட் பாலைப் பல்லால் கடித்துக் கிழித்து ஊற்றினார். பால் கண் குழி வழியாக இறங்கி அவர் சேலையில் ஒழுகியது.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மாதம் வெளியில் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அத்தை அழுதது எல்லோருக்கும் கேட்டது.

நான் அழவில்லை. நின்றேன்.

இந்தத் தொடரில் போன வாரம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததை எழுதினேன். இந்த வாரம் தாலியைக் கழற்றி வாங்கியதை எழுதுகிறேன். நடுவில் இருந்த வருஷங்களை விட்டுவிட்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குப் போனோம், வந்தோம்.

சனிக்கிழமை

மலர் அப்பா, அத்தையின் மூத்த மகன், மேலே மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். மலர் எங்கள் ஒரே மகள். வீட்டுக்காரரைப் பேர் சொல்லிப் பழக்கமில்லை. எழுதும்போதும் வரவில்லை. மலர் அப்பா என்றே எழுதுகிறேன்.

நானும் ஏலத்தோட்டத்துக்குத்தான் போகிறேன். விடியும் முன் ஜீப்பில் ஏறினால் பொழுது சாய வந்துவிடுவேன். அவர் அப்படி இல்லை. அங்கேயே தங்குவார். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருவார். திங்கள் காலையில் ஏறுவார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வீடு முழுக்க ஏலக்காய் மணக்கும். துவைத்தாலும் போகாது.

ஒரு சனிக்கிழமை வரவில்லை.

மேலே போய்க் கேட்டோம். "மத்தியானமே எறங்கிட்டாரே. ஜீப் போயிருச்சு, குறுக்குப் பாதையில நடந்து போறேன்னாரு" என்றார்கள். மலையிலிருந்து இறங்க ஒரு பழைய நடைபாதை உண்டு. ரோடு வருவதற்கு முன்னால் கழுதையில் சுமை ஏற்றிப்போன பாதை. ஓடையை ஒட்டி வந்து எங்கள் ஊர் எல்லையில் முடியும். அந்தப் பாதையில் தேடினோம். காட்டிலாகா ஆட்கள் தேடினார்கள். போலீஸ் தேடியது. செருப்புகூடக் கிடைக்கவில்லை.

மலர் அப்போது பாவாடை சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறாள். அவ்வளவு வருஷம் ஆகிவிட்டது.

ஓடிப்போய்விட்டார் என்றார்கள். கேரளாவில் இன்னொரு குடும்பம் என்றார்கள். காட்டு மாடு குத்தியிருக்கும் என்றார்கள். ஆளுக்கொன்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. ஆள் இருக்கிறாரா, இல்லையா.

அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "ஒரு பாடி கெடச்சிருக்கும்மா. வயசு ஒத்து வருது. வந்து பாக்குறீகளா?"

போவேன். வைகை அணையில் ஒதுங்கியது ஒன்று. ஆண்டிபட்டி பக்கம் ரோட்டோரம் கிடந்தது ஒன்று. ஏலத்தோட்டத்துக் குளத்தில் மிதந்தது ஒன்று.   துணியை விலக்குவார்கள். பார்ப்பேன். இல்லை என்பேன். பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அத்தை வாசலிலேயே நிற்பார்.

"என்ன?"

"இல்லத்தே."

"சரி. கையக் காலக் கழுவிட்டு வா. சோறு ஆறுது."

அவ்வளவுதான் பேசுவோம். இல்லை என்பது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று அத்தையும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அத்தை பார்த்த பல்

ஓடைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர் மழைத் தண்ணீர் தேக்கக் குட்டை வெட்டினார். இடுப்பு ஆழம்கூடப் போகவில்லை. எலும்பு வந்தது. ஜேசிபி ஓட்டியவர் வண்டியை அணைத்துவிட்டு ஊருக்குள் ஆள் அனுப்பினார்.

குறுக்குப் பாதை இறங்குகிற இடம் அது. எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அத்தையும் நானும் அவர்களோடு தோப்புக்குப் போனோம்.

எலும்போடு பானை ஓடும் வந்தது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் ஊரில் எந்தக் காட்டை உழுதாலும் பானை ஓடு வரும். ஒரு இரும்புத் துண்டும் வந்தது. தொட்டால் உதிர்கிற துரு. வளைந்திருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"அண்ணன் அருவாதான் இது" என்றான் முருகன். முருகன் என் கொழுந்தன். மலர் அப்பாவுக்கு இளையவன். "முள்ளு வெட்ட இடுப்புல சொருகியிருப்பாக. நாம் பாத்துருக்கேன்ல."

அருவாள் ஊரில் எல்லோர் இடுப்பிலும் உண்டு. 

அத்தை இரும்பைப் பார்க்கவில்லை. மண்டையோட்டைத் திருப்பி, மேல்வாயில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார். முன் பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

மலர் அப்பாவுக்கும் அப்படித்தான். பெண் பார்க்க வந்த அன்று அவர் சிரிக்கவே இல்லை. மாப்பிள்ளை கோபக்காரர் போல என்று என் அம்மா பயந்தாள். பல்லை மறைக்கத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்புறம் என் முன்னால் மறைத்ததில்லை.

"எம்பிள்ளதான்" என்றார் அத்தை. "நாம் பெத்த வாயி எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு ஆள் ஓடியது. எண்ணெய், சீயக்காய், பால், கோடித் துணி எல்லாம் வந்தது. தோப்புக் கிணற்றிலிருந்து முருகன் ஈர வேட்டியோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். பிணத்தைக் குளிப்பாட்டக் கொண்டுவருகிற தண்ணீருக்கு நீர்மாலை என்று பேர். தலைக்கு மேலே ஒரு வேட்டியைப் பந்தல் மாதிரி நாலு மூலையிலும் பிடித்து வர வேண்டும். காற்று வேட்டியைப் பறித்தது. விடாமல் பிடித்து வந்தார்கள்.

ஏட்டையா வந்து சேர்ந்தபோது எல்லா எலும்பும் கழுவி, எண்ணெய் மினுங்க, கோடித் துணியில் வரிசையாக இருந்தது.

"யாரும்மா இதக் கழுவச் சொன்னது?"

"ஏன், கழுவாமலா அனுப்புவாக? உங்க வீட்ல அப்பிடியா அனுப்புவீக?" என்றார் அத்தை.

ஏட்டையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆத்தா, இது கேஸு."

"உங்களுக்குக் கேஸு. எங்களுக்குச் சாவு. ஓரமா நில்லுங்க, இன்னும் கால் பக்கம் இருக்கு."

அவர் ஓரமாகத்தான் நின்றார். முடிந்த பிறகு மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்.

பால் செம்பு

ஆஸ்பத்திரி டாக்டர், ஆண் என்றார். முப்பது நாற்பது வயசு இருக்கும் என்றார். செத்து எவ்வளவு காலம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. எலும்போடு ஒத்துப் பார்க்க அத்தையிடமும் மலரிடமும் ரத்தம் எடுத்தார்கள். பதில் வர நாளாகும் என்றார்கள்.

ஊர் அதுவரை காத்திருக்காது. பெற்றவள் பல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். குளிப்பாட்டியும் ஆகிவிட்டது. குளிப்பாட்டிய பிறகு கருமாதி செய்யாமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் செய்யுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பதினாறாம் நாள் முருகன் மொட்டை போட்டான். எள்ளும் தண்ணீரும் இறைத்தான். என்னை நடு வீட்டில் உட்கார வைத்து, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, அப்புறம் எல்லாவற்றையும் எடுத்தார்கள். தாலியைக் கழற்றிப் பால் செம்பில் போட்டார்கள். சின்னதாக ஒரு சத்தம் வந்தது. மலர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அன்று நான் தூங்கினேன். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நன்றாகத் தூங்கினேன்.

அதுவரை சனிக்கிழமைதோறும் ஒரு ஆள் அரிசி கூடப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை பார்ப்பார்.  மறுநாள் அதைப் பழைய சோறாகத் தின்போம். கருமாதிக்கு அடுத்த சனிக்கிழமை அந்த அரிசியைப் போடவில்லை. ஜீப்பில் வருகிற பெண்கள், ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பதை நிறுத்தினார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வருவது நின்றது. துக்கம் துக்கமாக இருந்தது. வேறு எதுவுமாக இல்லை. அது எனக்குப் போதும் போல இருந்தது.

மேடம்

சில மாதம் கழித்து ஒரு அம்மா வந்தார். பல்கலைக்கழகத்தில் பழைய எலும்புகளை ஆராய்கிறவர். எல்லோரும் மேடம் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். தலையில் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தரையில் எங்களோடு உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ரத்தத்தோடு ஒத்துப் பார்க்க அந்த எலும்பிலிருந்து ஒன்றுமே கிடைக்கவில்லையாம். அதனால் மேடத்துக்குச் சொல்லியிருக்கிறார்.

மேடமும் முதலில் அதைத்தான் கேட்டார். "யாரு இதக் கழுவுனது?"

"நாந்தான்" என்றார் அத்தை. "வாரவுக எல்லாரும் இதையே கேளுங்க."

மேடம் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். "உயிரோட இருக்கிற எல்லா உடம்புலயும் ஒருவகைக் கரி இருக்கும்மா. மனுசன், மாடு, மரம், எல்லாத்துலயும். செத்ததுக்கு அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாத்து, செத்து எத்தனை காலம் ஆச்சுன்னு சொல்லுவோம். இப்ப நீங்க எண்ணெய் வச்சிருக்கீங்க, பால் ஊத்தியிருக்கீங்க. அது புதுசு. எலும்பு உடைஞ்சு நொறுங்கி இருந்ததால உள்ள வரைக்கும் இறங்கிருச்சு. புதுசும் பழசும் கலந்துபோச்சு. ஒரு தடவை பாத்தாங்க. எலும்போட உண்மையான வயசை விடக் குறைச்சுக் காட்டுது. அதை நம்ப முடியாது."

அத்தை என் பக்கம் திரும்பினார். "என்னத்தா சொல்றாக?"

"நம்ம வச்ச எண்ணெயால வயசு கொறஞ்சு போச்சாம்."

"எண்ணெ வச்சா வயசு கொறயுமா? அப்ப எனக்கும் ரெண்டு வாளி ஊத்தச் சொல்லு."

மேடம் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கருமாதிக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

கடவாய்ப் பல் ஒன்று தாடைக்குள் இறுகி இருக்கிறது என்றார் மேடம். வேரைச் சுற்றிக் கல் மாதிரி மண் அடைத்திருக்கிறது. அதற்குள் எண்ணெய் போயிருக்காது. அந்தப் பல்லை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

"அதுக்கு எதுக்கு எங்களக் கேக்குறீக?" என்றான் முருகன்.

"நீங்கதானே இவருக்குச் சொந்தம்னு சொல்லியிருக்கீங்க."

முருகன் யோசித்தான். "அண்ணன்னாப் பல்லப் புடுங்க விடமாட்டேன். அண்ணன் இல்லேன்னாப் புடுங்கிக்கங்க."

"அது புடுங்குனாத்தான்யா தெரியும்" என்றார் மேடம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தூக்கம் வந்துகொண்டிருந்தது. அதைக் கெடுக்க வேண்டுமா?

"எடுங்க" என்றேன்.

போலீஸிலும் தொல்லியல் ஆபீஸிலும் சொல்லிவிட்டு, மேடத்தின் ஆட்கள் அந்தக் குட்டையில் வேலை செய்தார்கள். கரண்டியாலும் பிரஷ்ஷாலும் மண்ணை எடுத்தார்கள். பூசணிக்காயைக் குடைந்த மாதிரி ஒரு பெரிய பானையின் அடிப்பாகம் வெளியே வந்தது. தாழி என்றார்கள். சுற்றிலும் கல் அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் கவிழாமல் அப்படியே இருந்தது. அதில் எதுவும் இல்லை. அத்தை கரையில் நின்று பார்த்தார்.  எங்கள் காலத்தில் யாரும் பிணத்தைப் பானையில் வைத்துப் புதைப்பதில்லை. அது அத்தைக்கும் தெரியும்.

வயசு

மழைக்காலத்தில் மேடம் திரும்ப வந்தார். போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் வந்தார். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, இது உங்க வீட்டுக்காரர் இல்ல. இவரு இறந்து ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல ஆச்சு."

கூரையில் மழைச் சத்தம். முருகன் தலையைத் தடவிக்கொண்டான். முடி நன்றாக வளர்ந்திருந்தது.

"அப்ப நாம் மொட்ட போட்டது யாருக்கு மேடம்?"



"ரெண்டாயிரமா?" என்றார் அத்தை. "எம்பிள்ளன்னு மடியில போட்டு எண்ணெ வச்சேனே. எம்பாட்டனுக்குப் பாட்டனுக்கெல்லாம் மூத்தவனா அவன்?"

மேடம் இன்னொன்றும் சொன்னார். சின்ன வயசில் குடிக்கிற தண்ணீரும் தின்கிற சோறும் பல்லில் அடையாளம் வைத்துவிட்டுப் போகுமாம். சாகும்வரை மாறாதாம். இந்த ஆளின் பல்லில் எங்கள் பள்ளத்தாக்குத் தண்ணீர் இல்லை. வேறு எங்கோ வளர்ந்தவர். பெரிய ஆளான பிறகு இங்கே வந்திருக்கிறார்.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"இன்னும் தெரியல. கடல் பக்கமா இருக்கலாம். பாத்துக்கிட்டிருக்கோம். மனுசங்க எந்தெந்த வழியா எங்கெங்க போனாங்கன்னு தேடுறதுதான் எங்க வேலை. ஆதியில வந்தவங்க ஒரு வழியா வந்தாங்க. அப்புறம் வந்தவங்க வேற வழியா வந்தாங்க. மலை எறங்குற உங்க குறுக்குப் பாதை மாதிரிப் பாதையெல்லாம் ரொம்ப ரொம்பப் பழசும்மா. இவரும் அதுல நடந்து வந்திருக்கலாம்."

"வந்தவரத் தேடிக்கிட்டு அவுக வீட்டாளுக யாரும் வந்தாகளா?"

மேடம் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது எலும்புல தெரியாதும்மா."

போகும்போது அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தா, பாத்து முடிச்சிட்டு அவனத் திருப்பிக் கொண்டாந்துரு. எவ பெத்த பிள்ளையோ. நாங் குளிப்பாட்டிட்டேன். நாந்தான் மண்ணுல வைக்கணும். பெட்டியில போட்டு அலமாரியில வைக்காத."

மேடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். இன்னும் பதில் இல்லை. அது அவர் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை என்னைப் போன் போடச் சொல்கிறார். போடுகிறேன்.

பொட்டு

மறுநாள் காலை அத்தை குங்குமச் சிமிழோடு வந்து நின்றார்.

"எம்பிள்ள இருக்கான். இந்தா, வச்சுக்க."

முருகன் பீரோவிலிருந்து தாலியை எடுத்துக்கொண்டு வந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். "என்ன மதினி செய்யிறது?"

"கட்டுனவுக வரட்டும். அப்பப் பாத்துக்கிருவம். உள்ள வையி."

குங்குமத்தையும் வாங்கவில்லை. கறுப்புச் சாந்தில் சின்னதாக ஒன்று வைத்துக்கொண்டேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை. முருகனுக்கும் பிடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு காரணம்.

ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. செய்த கருமாதி செய்ததுதான், அதைத் திரும்ப அவிழ்க்க முடியாது என்றார்கள் சிலர். வேறு யாருக்கோ செய்தது எப்படி இவனுக்கு ஆகும் என்றார்கள் சிலர். கருமாதி செய்த ஆள் உயிரோடு வந்தால், திரும்பப் பிறந்ததாகத் தொட்டிலில் போட்டுப் பேர் வைக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னாராம்.

அதை ஜீப்பில் பேசிச் சிரித்தார்கள். "ஏ ஈஸ்வரி, ஒம் புருசன் வந்தாத் தொட்டிலு தாங்குமாடி? தேக்குல செய்யச் சொல்லு." நானும் சிரித்தேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மேட்டில் ஜீப் ஏறும்போது ஏதாவது பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் பள்ளம் தெரியும்.

சிரித்து முடித்ததும் வெளியே பார்த்தேன். மேகம் சரிவில் கிடந்தது. அதற்குள் எங்கோ குறுக்குப் பாதை போகிறது. மலர் அப்பா அதில் இறங்கினாரா, ஏறினாரா, வேறு பக்கம் திரும்பினாரா. பழைய கேள்விதான். நடுவில் சில மாதம் இல்லாமல் இருந்தது. அந்தச் சில மாதத்தைக் கொடுத்தவர், எந்த ஊர் என்றே தெரியாத அந்த ஆள். அவர் எடுத்த இடத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவரை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கே ஒருத்தி பானையில் கூட ஒரு கை போட்டிருப்பாள். எத்தனை காலம் போட்டாளோ.

அந்தச் சனிக்கிழமை உலை வைத்தேன். அரிசி எடுத்த கை தானாக இன்னொரு தடவை உள்ளே போனது. தடுக்கவில்லை.

லோயர் கேம்ப்

தை கழிந்து ஒரு நாள் ஏட்டையா போன் செய்தார்.

"ஈஸ்வரிம்மா, அந்த எலும்புக் கேஸு முடிஞ்சு போச்சு. உங்க வீட்டுக்காரர் கேஸு மறுபடி தொறந்துதான் கெடக்கு. லோயர் கேம்ப் வாய்க்கால்ல ஒரு பாடி. கம்பியில தட்டி நின்னுருக்கு. வயசு ஒத்து வருது. என்ன சொல்றீக?"

முருகன் சத்தம் போட்டான். "போகாத மதினி. எத்தன வாட்டி? செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு. யாருக்குச் செஞ்சா என்ன, செஞ்சது செஞ்சதுதான். விடு."

அவன் சொல்வதும் சரிதான். அவனுக்கு அண்ணன். அவனும் தூங்க வேண்டும்.

அத்தை எழுந்தார். கதவு ஓரத்தில் கிடந்த என் செருப்பை எடுத்து வாசலில் போட்டார்.

போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பிணவறை. ஏட்டையா வெளியே நின்றார். உள்ளே இருந்த ஆள் துணியை விலக்கினார். தண்ணீரில் கிடந்த முகம். உப்பிப் போயிருந்தது. பார்த்தேன்.

"இல்ல."

"நல்லாப் பாருங்கம்மா."

"பாத்துட்டேன். இல்ல."

வெளியே வந்து அத்தைக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இல்லத்தே."

"சரி" என்றார். சோறு ஆறுது என்று சொல்லவில்லை.  "அவனுக்கு ஆளு வந்துட்டாகளா?"

"யாரும் வரல."

"அப்பச் செத்த நேரம் இரு. யாராச்சும் வாராகளான்னு பாரு. கடைசி பஸ்ஸுக்கு வந்தாப் போதும்."

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏட்டையா டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். பிணவறை ஆள் கதவைச் சாத்திவிட்டு, தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்றார்.

வெயில் இறங்கும்போது ஒருத்தி வந்தாள். என் வயசு இருக்கும். குமுளிப் பக்கத்துக்காரி. பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. ஒரு கையில் துணிப் பை, ஒரு கையில் குடை. "இவிடயா?" என்று கேட்டாள். போலீஸ் அவளுக்கும் போன் செய்திருக்கிறது.

கதவைக் காட்டினேன். பையையும் குடையையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பை கனக்கவில்லை. மேலே மடிப்புக் கலையாத வேட்டி ஒன்று இருந்தது.

உள்ளிருந்து சத்தம் வரவில்லை. காத்திருந்தேன். கதவு திறந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"அல்ல" என்றாள்.

பையை நீட்டினேன். வாங்கினாள். ஆனால் போகவில்லை. நான் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனை வருஷம் என்று கேட்டேன். சொன்னாள். நானும் சொன்னேன். அவளுடையது என்னுடையதை விடக் கூட.

 கதவுக்கு அந்தப் பக்கம் அவன் தனியாகக் கிடந்தான். இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம். கடைசி பஸ் வரை இருந்தோம். அவனுக்கு யாரும் வரவில்லை.